தானாகப் போகும் பதில்

மதியம் ஒரு மணி வாக்கில் எனக்கு ஒரு போன் வரும். எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி சேலையைப் பற்றி இருக்காது.

"அண்ணே, சாப்பிட்டியளா? என்ன குழம்பு?"

இப்படிக் கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை. சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளதைச் சொல்லாமல் அப்புறம் என்ன எழுத்து. இளம்பிள்ளையில் சேலை மொத்த வியாபாரம் செய்கிறேன். கீழே குடோன், மேலே வீடு, வீட்டில் நான் ஒருத்தன். எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாமலே நின்றுபோன ஆண்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். பெண் தேடிப் பாலக்காடு வரைக்கும் போய்ப் பார்த்தாயிற்று. நாற்பதைத் தாண்டியதும் புரோக்கர்களே என் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அம்மா இருந்தவரை வீட்டில் அடுப்பும் எரிந்தது, சண்டையும் நடந்தது. அம்மா போன பிறகு இரண்டும் இல்லை. மெஸ்ஸிலிருந்து பார்சல் வாங்கி, கவரைப் பிரித்து, நின்றுகொண்டே சாப்பிடுவேன்.

போன் செய்கிறவளிடம் அதைச் சொல்வதில்லை. ஒரு நாள் பருப்பு என்பேன், ஒரு நாள் கத்திரிக்காய் என்பேன். கத்திரிக்காய்க்குப் புளி எவ்வளவு விட்டீர்கள் என்று கேட்டு என்னை மாட்டிவிடப் பார்ப்பாள். எலுமிச்சங்காய் அளவு என்று ஒரு தடவை அளந்துவிட்டேன். ஒரு ஆள் குழம்புக்கு அத்தனை புளியா என்று அலறிவிட்டாள்.

அவளுக்கு அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். நேரில் பார்த்தது கிடையாது. என்னிடம் நாலைந்து சேலைகளாக வாங்கித் தன் தெருவில் விற்பாள். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டினவர். ஈரல் கெட்டுப்போய், பாதி நாள் ஆஸ்பத்திரி, பாதி நாள் கட்டில். பிள்ளைகள் இல்லை. பிறந்த வீடென்று சொல்லவும் யாரும் மிச்சமில்லை, அப்பா அம்மாவுக்கு அவள் ஒரே பிள்ளை. இதையெல்லாம் அவள் ஒரே நாளில் சொல்லவில்லை. குழம்பில் ஆரம்பிக்கிற பேச்சு எங்கெங்கோ போகும், அப்படித் தெரிந்துகொண்டதுதான்.

அவளை நான் 'சாமி' என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் பக்கம் கிழவரையும் சாமி என்போம், கைக்குழந்தையையும் சாமி என்போம். முதல் தடவை கேட்டபோது, நான் என்ன கோயிலிலா உட்கார்ந்திருக்கிறேன் என்று விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு தீபாவளிக்கு அவள் கேட்ட சேலைகளோடு கூட ஒன்று வைத்து அனுப்பினேன். வாடிக்கையாக வாங்குகிறவர்களுக்குச் செய்வதுதான், பெரிய விஷயமில்லை. பார்சலைப் பிரித்தவள் போன் செய்து அழுதாள். அண்ணன் சீர் அனுப்பியிருக்கிறார் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாளாம். நானோ, டேமேஜ் ஏதாவது இருந்தால் திருப்பி அனுப்பு என்று சொல்லி வைத்துவிட்டேன். இந்த லட்சணத்தில் பேசுகிறவனை எவள் கட்டிக்கொள்வாள் என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது.

ஆனால் போன் செய்கிறவள் அவள் ஒருத்தி மட்டும் இல்லையே. விடிந்தால் அடைந்தால் போன். போட்டோவுக்குக் கீழேயே ரேட் எழுதியிருக்கும், ரேட் என்ன அண்ணா என்பார்கள். பச்சை இருக்கிறதா என்பார்கள், எந்தப் பச்சை என்றால் பச்சைதான் என்பார்கள். முந்தியை விரித்து வீடியோ எடு, வெளிச்சத்தில் காட்டு, மாடியில் காட்டு. எல்லாம் காட்டி முடித்தால், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிடுவார்கள். தீபாவளி நெருக்கத்தில் தொண்டை கட்டிப்போய், ஒரு அம்மாவிடம் எரிந்து விழுந்துவிட்டேன். அந்த மகராசி நான் கத்தியதை அப்படியே பதிவு செய்து, சேலை விற்கிற பெண்கள் குரூப் முழுக்கப் போட்டுவிட்டது. கேட்டேன். கன்றாவியாகத்தான் இருந்தது என் குரல்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இனி நான் பேசுவதில்லை, மெஷின் பேசட்டும் என்று. கோடிங் ஒரு எழுத்துகூடத் தெரிய வேண்டாம், கட்டத்தைக் கட்டத்தோடு கோடு போட்டு இழுத்தால் போதும் என்று ஒரு பையன் வீடியோவில் சொல்லிக்கொண்டிருந்தான். சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் பழைய லேப்டாப் ஒன்று வாங்கி வந்து உட்கார்ந்தேன்.

கேட்பதற்கு என்னவோ சுலபம்தான். திரையில் ஒரு கட்டம்: 'ஆர்டர் வந்தால்'. அதிலிருந்து ஒரு கோடு. அடுத்த கட்டம்: 'ஸ்டாக்கில் ஒன்று கழி'. அடுத்தது: 'வாங்கியவருக்குச் செய்தி அனுப்பு'. அடுத்தது: 'முகவரியை பேக்கிங் போனுக்கு அனுப்பு'. நான் செய்துகொண்டிருந்த வேலை முழுவதும் ஒரு உள்ளங்கை அகலத்தில் அடங்கிவிட்டது. பார்க்கும்போது கொஞ்சம் ரோசமாகக்கூட இருந்தது. இத்தனை வருடம் இதற்கா தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினோம்?

கலர் பெயர்களை ஏற்றுவதற்குள் உயிர் போயிற்று. அரக்கு, மாந்துளிர், மயில் கழுத்து, ராமர் பச்சை என்று ஒவ்வொன்றாக அடித்து முடித்து, சரியாக வேலை செய்கிறதா பார்க்க எனக்கு நானே ஒரு சேலை ஆர்டர் போட்டேன். டிங் என்று என் போனுக்கு வந்தது: 'வணக்கம் சகோதரி!' நானே எழுதிய வாசகம்தான், ஆனாலும் குபீரென்று சிரித்துவிட்டேன். வருகிற எந்தச் செய்திக்கும் வணக்கம் சொல்லிப் பதில் அனுப்பு என்று இன்னொரு கட்டமும் வைத்திருந்தேன். என் வணக்கம் எனக்கே வந்ததும் மெஷின் அதற்கு ஒரு வணக்கம் போட்டது. அந்த வணக்கத்துக்கு இன்னொன்று. நான் எனக்கே நிற்காமல் வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நிறுத்தத் தெரியவில்லை. கடைசியில் மோடத்தைப் பிடுங்கிவிட்டேன்.

பேக்கிங் வேலைக்கு வருகிற அக்கா ஒருவர் உண்டு. பக்கத்துத் தெரு. அம்மா காலத்திலிருந்து இருக்கிறார், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டு வருவார். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இதுக்குத்தான் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்தீர்களா தம்பி என்று கேட்டுவிட்டு, டேப் ஒட்டப் போய்விட்டார்.

பதில் வாசகத்தை மட்டும் பார்த்துப் பார்த்து எழுதினேன். கத்தினவன் என்கிற கெட்ட பெயர் போக வேண்டுமல்லவா. 'மிக்க மகிழ்ச்சி சகோதரி. உங்கள் இல்லத்தில் மங்களம் பெருகட்டும். மீண்டும் மீண்டும் வருக.' எங்கள் பார்சல் எல்லாவற்றிலும் ஒரு மஞ்சள் குங்குமப் பொட்டலம் இருக்கும். அம்மா ஆரம்பித்த பழக்கம். செய்தியும் அதற்குப் பொருத்தமாக இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் ஒரே ஒரு சேலைக்கு மட்டும் இந்தப் பேச்செல்லாம் கிடையாது. கோடிச் சேலை. ஒரு பெண்ணுக்கு வீட்டுக்காரர் தவறிவிட்டால் கருமாதிக்கு அவள் பிறந்த வீட்டார், அண்ணனோ தம்பியோ, புதுச்சேலை கொண்டுபோய்ப் போர்த்த வேண்டும். அதை வாங்க வருகிறவர் கோடிக்கு என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ஒரு சேலை என்பார், பேரம் பேச மாட்டார், கண்ணைப் பார்க்க மாட்டார். நாங்களும் வாங்க என்று சொல்ல மாட்டோம், போய்ட்டு வாங்க என்றும் சொல்ல மாட்டோம். பொட்டலம் வைக்காமல் மடித்துக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வோம். இதற்கு ஒரு கட்டம் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வாயால் சொல்லாததை எந்தக் கட்டத்தில் வைப்பது?

எல்லாம் தயாரானதும் எல்லோருக்கும் ஒரு செய்தி போட்டேன். இனி தயவுசெய்து யாரும் போன் செய்ய வேண்டாம், கீழே இருக்கிற லிங்கைத் தொட்டாலே போதும் என்று.

யாரும் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை.

முதல் சில நாள் ராஜா மாதிரி இருந்தது. காலை நீட்டி உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆர்டர்கள் தாமாக வந்து விழும், ஸ்டாக் தானாகக் குறையும், யாருக்கும் என் தொண்டை தேவையில்லை. அப்புறம் ஒரு மதியம் போனை எடுத்து, டவர் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அடுத்த நாள் பேக்கிங் அக்காவை விட்டு எனக்குப் போன் போடச் சொல்லி, மணி அடிக்கிறதா என்று பார்த்தேன். அடித்தது. பக்கத்துத் தறிப் பட்டறையின் சத்தம் இத்தனை வருடமாக எனக்குக் கேட்டதே இல்லை. இப்போது அதுதான் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு மணிக்குத் தறியை நிறுத்தி அவர்கள் சாப்பிடப் போவார்கள். அந்த நேரம்தான் தாங்காது.

நீயே கூப்பிடுவதுதானே என்று கேட்பீர்கள். எப்படிக் கூப்பிடுவது? எத்தனையோ பேசியிருக்கிறோம், ஆனால் ஒரு தடவைகூட நானாகப் போன் செய்தது கிடையாது. கல்யாணம் ஆகாதவன், இன்னொருத்தர் வீட்டுப் பெண்ணுக்கு, வியாபாரமும் இல்லாமல், சாப்பிட்டாயா என்று கேட்கவா போன் செய்வான்? அவள் வீட்டுக்காரர் எடுத்தால் என்னவென்று சொல்வது? எங்கள் ஊரில் இதைத் தப்பாக மட்டும்தான் நினைப்பார்கள். அவள் ஊரிலும் அப்படித்தான் இருக்கும். அவளோ சொன்னால் சொன்னபடி கேட்கிறவள். அண்ணனுக்குத் தொண்டை சரியில்லை, தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைத்திருப்பாள்.

அவள் ஆர்டர் மட்டும் வந்துகொண்டிருந்தது. நானும் அவள் பெயர் இருக்கிற வரிசையைத் தேடித் தேடிப் பார்ப்பேன். மாந்துளிர் ஒன்று, அரக்கு ஒன்று. பிறகு அதுவும் கொஞ்ச நாள் நின்றுபோனது. ஆஸ்பத்திரியில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று காலையில் ஓமலூர் போயிருந்தேன். திரும்பி வந்து மெஷினைப் பார்த்தால் அவளிடமிருந்து ஆர்டர். ஒரே ஒரு சேலை, சந்தனக் கலர், நாளை மறுநாளுக்குள் வேண்டும் என்று ஒரு குறிப்பு. மெஷின் அதற்கு 'மங்களம் பெருகட்டும், மீண்டும் மீண்டும் வருக' என்று அனுப்பி முடித்திருந்தது. அதற்குக் கீழே அவள் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தாள். ஆசையாகத்தான் அமுக்கினேன்.

"அண்ணே, அந்தக் குங்குமப் பொட்டலம் மட்டும் வைக்காதியண்ணே."

அவ்வளவுதான். அழவில்லை. சேலையின் நிறம் சொல்கிற மாதிரி சொல்லியிருந்தாள். அதற்குக் கீழே என் மெஷின் உடனே பதில் போட்டிருந்தது: 'வணக்கம் சகோதரி! உங்கள் செய்தி கிடைத்தது. மிக்க மகிழ்ச்சி!'

அவள் வீட்டுக்காரர் போய்விட்டார். கோடி கொண்டுவர ஆள் இல்லாமல், தனக்குத் தானே கோடி ஆர்டர் போட்டிருக்கிறாள். அதற்கு நான் மகிழ்ச்சி என்றிருக்கிறேன். பேக்கிங் அக்காவிடம் போய் வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினேன். நாளை மறுநாளாகத்தான் கருமாதி இருக்கும், இன்றைக்கே கொரியரில் போட்டால் போய்ச் சேருமா என்று ஏதோ உளறினேன். அக்கா டேப்பைக் கீழே வைத்தார்.

"பொறந்த ஊட்டுக் கோடியக் கொரியர்ல அனுப்புற ஊடு எங்கீங்க தம்பி இருக்குது? எந்திரிச்சுப் போங்க."

சந்தனக் கலரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவளே கேட்டதை அவளுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதற்கு அண்ணன் எதற்கு? முன்பொரு நாள் மயில் கழுத்துக் கலர் போட்டோவைப் பார்த்து, எனக்கு இது எடுப்பாக இருக்கும்ணே, ஆனால் விற்கத்தானே வாங்குகிறேன் என்று சொல்லியிருந்தாள். ரேக்கிலிருந்து அதை எடுத்தேன். கோடிக்கு இது ஆகுமா என்று அக்காவைப் பார்த்தேன். அவர் ஒரு மஞ்சள் பையைக் கொடுத்தார்.

மறுநாள் காலை சேலத்தில் மதுரை பஸ் ஏறினேன். நாமக்கல் தாண்டும்போது போன் டிங் என்றது. நான் கிளம்பிவிட்டதால், அக்கா பழக்கதோஷத்தில் பேக்கிங் போனில் 'அனுப்பியாயிற்று' என்கிற பொத்தானை அமுக்கியிருக்கிறார். மெஷின் அவளுக்குச் செய்தி அனுப்பிவிட்டு எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தது: 'உங்கள் பார்சல் கிளம்பிவிட்டது. நாளை வந்து சேரும்.' ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு வந்தது, கூடவே மூக்கும் அடைத்துக்கொண்டது. பக்கத்து சீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அருப்புக்கோட்டையில் ஒரு லாட்ஜில் தங்கி, காலையில் அவள் ஊருக்குப் போனேன். முகவரி மெஷினில் கதவு எண்ணோடு இருந்தது. எத்தனையோ பார்சலில் எழுதிய தெருப் பெயரை அன்றைக்குத்தான் பலகையில் பார்த்தேன். சாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எந்த ஊர் என்று கேட்டார்கள். சேலம் பக்கமுங்க, கோடி கொண்டாந்திருக்கறனுங்க என்றேன். பேச்சு நின்றுவிட்டது. அவளுக்குப் பிறந்த வீடு இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிட வயதானவள், நினைத்ததைவிடச் சின்ன உருவம். நிமிர்ந்து பார்த்தாள். யாரென்று தெரியவில்லை.

"நாந்தாஞ் சாமி" என்றேன்.

அந்த ஒரு சொல்லில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. சுற்றி இருந்தவர்களிடம், எங்க அண்ணன் என்றாள். மறுபடியும் சத்தமாக, எங்க அண்ணன் வந்திருக்காக என்றாள். பையிலிருந்து சேலையை எடுத்ததும் பின்னால் ஒரு கிழவி, இந்தக் கலரா என்று முணுமுணுத்தது கேட்டது. தினமும் சேலை மடிக்கிறவனுக்கு அதைப் போர்த்துகிற முறை தெரியவில்லை. ஒரு அம்மா வந்து, இப்படிப் போர்த்துங்க என்று பிடித்துக் கொடுத்தார். போர்த்தினேன். அவள் முந்தியைத் தடவிப் பார்த்தாள். அப்புறம்தான் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே, சாப்பிட்டியளாண்ணே என்று கேட்டாள்.

கிளம்பும்போது போய்ட்டு வருகிறேன் என்று சொல்லவில்லை. அந்த வீட்டில் அப்படிச் சொல்லக்கூடாது. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக மெஷினில் இன்னொரு கட்டம் வைத்தேன். 'இந்த எண்ணிலிருந்து வந்தால்' என்று எழுதி, அதிலிருந்து எந்தக் கோடும் இழுக்காமல் விட்டேன். இனி அவளுக்கு அது எதுவும் சொல்லாது. மற்றவர்களுக்கும் மங்களம், மகிழ்ச்சி எல்லா வார்த்தைகளையும் எடுத்துவிட்டு, 'சேலை அனுப்புகிறோம்' என்று மட்டும் வைத்தேன். மற்ற வேலையெல்லாம் அது பாட்டுக்கு நடந்தது. நல்ல மெஷின்தான், குறை சொல்வதற்கில்லை.

மதியம் மட்டும் அப்படியே இருந்தது. தறி நிற்கும். மெஸ் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு போனைப் பார்ப்பேன். அவள் செய்ய மாட்டாள் என்று எனக்குத் தெரியும். போன் செய்ய வேண்டாம் என்று நான் சொன்னதை இன்னும் மாற்றிச் சொல்லவில்லையே. ஒரு நாள் சாம்பார் கவரின் முடிச்சை அவிழ்க்க முடியாமல் நின்றுகொண்டிருந்தபோதுதான் மண்டையில் உறைத்தது. ஊர் பார்க்கக் கோடி போர்த்திவிட்டு வந்தவன் நான். நான் போன் செய்தால் இனி எவன் என்ன சொல்லிவிட முடியும்?

கவரைக் கீழே வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தாள்.

"சாப்பிட்டயா சாமி? என்ன கொழம்பு?"

மெதுவாக, ஒருத்திக்காக என்னத்தண்ணே அடுப்பு பத்த வைக்கிறது என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அம்மா போனதிலிருந்து தினமும் நான் எனக்கே சொல்லிக்கொள்கிற பேச்சு அது. என் கத்திரிக்காயும் பருப்பும் மெஸ்ஸிலிருந்து வந்ததுதான் என்று அன்றைக்கு அவளிடம் சொன்னேன். புளிக் கணக்கு கேட்டபோதே தெரியும்ணே என்றாள்.

"போன வெக்காத. நீ அங்க பத்த வெய்யி. நான் இங்க பத்த வெக்கறேன்."

அந்தப் பக்கம் லைட்டர் அடிக்கிற சத்தம் கேட்டது. முதலில் பற்றவில்லை, மறுபடி அடித்தாள். நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அம்மாவின் அடுப்பிலிருந்து பழைய பேப்பர்களை எடுத்துக் கீழே போட்டேன். நீங்க என்னண்ணே வைக்கப் போறிய என்று கேட்டாள். பருப்பு என்றேன். சொல்லிவிட்டுத்தான், பருப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன்.